ஒரு குடம் தண்ணீரில் தொடங்கும் நாடு: கற்பனை நாட்டுக்கு அரசும் சட்டமும் பண்பாடும் அமைக்க ஒரு வழிகாட்டி

கற்பனை நாடு ஒன்றை உருவாக்க உட்காருகிறவர்களில் பலர் முதலில் கொடி வரைகிறார்கள். அடுத்து வரைபடம், பிறகு தேசியப் பறவை, அப்புறம் பன்னிரண்டு தலைமுறை அரசர்களின் பெயர்ப் பட்டியல். நோட்டு நிறைந்துவிடும். அந்த நாட்டில் ஒரு கதையை நடத்தப் போனால்தான் தெரியும், ஆட்கள் அசைய மாட்டார்கள் என்பது. சேலத்தில் கதை எழுதுகிற, மேசை விளையாட்டு அமைக்கிற இளைஞர்களோடு சில வருடங்களாக ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து பேசி வருகிறேன். புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் இதை அழகாகச் சொன்னார்: "அண்ணா, நாடு முழுசா ரெடிங்க. ஆனா அங்க இருக்கிற யாருக்கும் ஒரு வேலையும் இல்லீங்க."

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். தமிழில் 'வழக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. கோர்ட்டில் நடப்பதும் வழக்கு. மக்களிடம் புழங்கி வருவதும் வழக்கு. நாடு உருவாக்குகிறவருக்கு இந்த ஒரு சொல்லே பாதி பாடம். முதலில் ஒரு சண்டை. சண்டையை முடிக்க ஒரு தீர்ப்பு. தீர்ப்பு திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால் சட்டம். சட்டம் எதற்காக வந்தது என்பதை எல்லோரும் மறந்த பிறகும் கை தானாகச் செய்துகொண்டிருப்பது பண்பாடு. இந்த வரிசையில் போங்கள். கொடி கடைசியில் தானாக வரும்.

முதல் படி: நிலமும் பொழுதும்

ஒரு நாளை ஒதுக்கி, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வாருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே புளியும் வேம்பும் நிற்கும், நடுவில் மூங்கில் வரும், மேலே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அதன் நிழலில் காபிச் செடி இருக்கும். முப்பது கிலோமீட்டருக்குள் உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, விறகின் தேவை மாறுகிறது. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் இருந்தால் மேலே இருப்பவர்களிடம் இல்லாதது கீழேயும், கீழே இல்லாதது மேலேயும் இருக்கும். அரசியல் அங்கேதான் முளைக்கும்.

பயிருக்கும் தேதி உண்டு என்பதை மறக்காதீர்கள். ஏற்காட்டை இன்று காபியில்லாமல் நினைக்க முடியாது. ஆனால் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அதைக் கொண்டுவந்தது 1820களில்தான். அதற்கு முன்னும் அந்த மலையில் மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்தார்கள். சேலத்து ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கச் சொத்து. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். உங்கள் கற்பனை நாட்டு அரசன் ஆயிரம் வருடத்துக்கு முன் மிளகாய்ச் சட்னி தொட்டுச் சாப்பிட்டால், அதைக் கொண்டுவந்த கப்பல் எது என்று ஒரு வரியாவது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. நாடு என்றால் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தமிழில் 'நாடு' என்பது சில ஊர்கள் சேர்ந்த சிறு பகுதிக்கும் பெயர். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலேயே சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகளாகப் பழைய பிரிவு உண்டு. 1933ஆம் ஆண்டின் மாண்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாட்டுக்குக் கேட்பது நான்கே: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். பரப்பளவு பற்றி அதில் பேச்சே இல்லை. முதல் முயற்சிக்கு மூன்று ஊர் போதும். நானும் இந்தக் கட்டுரைக்கு மூன்றே ஊர் எடுத்துக்கொள்கிறேன்: மலையுச்சியில் மேல்தட்டு, சரிவில் வளைவூர், பக்கத்துக் குன்றில் தனிக்கரடு. நாட்டுக்குச் சுனைநாடு என்று பெயர்.

இரண்டாம் படி: சண்டை

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அவசரப்படாதீர்கள்.

சுனைநாட்டில் வற்றாத சுனை ஒன்றே ஒன்று. அது மேல்தட்டு நிலத்தில் இருக்கிறது. வளைவூர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் தண்ணீர் எடுக்கிறார்கள். யாரும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை, எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒரு பங்குனியில் சுனை பாதியாகச் சுருங்குகிறது. மேல்தட்டுக்காரர்கள் முள் போட்டு அடைக்கிறார்கள். வளைவூர் அங்காயியின் குழந்தைக்குக் காய்ச்சல். இரவில் ஏறிப் போய் ஒரு குடம் எடுக்கிறாள். பிடிபடுகிறாள். குடத்தை உடைக்கிறார்கள்.

மறுநாள் வளைவூர் பதில் சொல்கிறது. சமவெளியிலிருந்து உப்பு ஏறிவரும் பாதை அவர்கள் வளைவு வழியாகத்தான் போகிறது. கல்லை உருட்டிப் பாதையை மறித்துவிட்டார்கள். மூன்று வாரம் மேல்தட்டில் உப்பில்லாக் கூழ். நான்காவது வாரம் இரண்டு ஊரும் தனிக்கரட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. முடிவு இது: பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை சுனை யாருக்கும் கிடையாது. பகலில் இரண்டு ஊரும் எடுக்கலாம். காவலுக்கு ஆள் தனிக்கரட்டிலிருந்து வருவார். அவருக்குக் கூலி உப்பு; அதை இரண்டு ஊரும் அளந்து கொடுக்க வேண்டும்.

ஒரு குடத்திலிருந்து என்னென்ன வந்திருக்கிறது பாருங்கள். இரவுத் தடை ஒரு சட்டம். சுனைக்காவலர் ஒரு பதவி. உப்பு அளவை ஒரு வரி. கல் உருட்டிய வளைவு ஓர் எல்லை. தனிக்கரடு, நடுவர் ஊர். ஐந்தையும் நான் தனித்தனியாக யோசிக்கவில்லை, சண்டை கொடுத்தது.

சண்டையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். மேல்தட்டுக்காரர்களுக்கும் குழந்தைகள் உண்டு. ஒரு பக்கம் முழுக்கக் கெட்டவர்கள் என்றால் தீர்ப்பு ஒரே வரியில் முடிந்துவிடும், நாடும் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் படி: கணக்கு யார் கையில்?

முடியாட்சியா, குடியாட்சியா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நான் வேறு விதமாகக் கேட்கச் சொல்வேன்: கணக்கு யார் கையில் இருக்கிறது? சுனைக்காவலர் ஒரு நாளைக்கு எத்தனை குடம் போகிறது என்று எண்ணுகிறார். எண்ணுவதால் எந்த வீட்டில் ஆள் கூடியது, எந்த வீட்டில் குறைந்தது, எங்கே விருந்து, எங்கே சாவு என்பதெல்லாம் அவருக்கு முதலில் தெரியும். இரண்டு தலைமுறை போனால் கல்யாணத்துக்கு நாள் குறிக்கவும் அவரிடம்தான் போவார்கள். பட்டம் கட்டாமலே அவர் அரசர்.

அதைத் தடுக்க மக்கள் என்ன செய்வார்கள்? உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்பு, சொத்து வரம்பு எல்லாம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது தகுதியில்லாதவர்கள் பட்டியல்: முன்பு வாரியத்தில் (ஊர் வேலைகளைக் கவனிக்கும் குழுவில்) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய உறவினரும் வரக் கூடாது. உறவினரை ஏன் சேர்த்தார்கள்? கணக்குக் காட்டாத ஒருவர் தன் மைத்துனரை நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் அதற்கு முன் நடந்த ஒரு தப்பு நிற்கிறது. உங்கள் நாட்டின் விதியை எழுதும்போது அந்தத் தப்பையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆட்சி முறைக்கு உலகத்தில் மாதிரிகள் நிறைய. மலேசியாவில் ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருவரைப் பேரரசராக்குகிறார்கள். சான் மரினோவில் நாட்டுத் தலைவர்கள் ஒரே நேரத்தில் இருவர், அதுவும் ஆறே மாதத்துக்கு. எதை எடுத்தாலும் நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: பதவி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, செலவுக்குப் பணம் எங்கிருந்து, 'முடியாது' என்று சொல்ல யாருக்கு உரிமை. நான்காவதை விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

நான்காம் படி: சட்டம், அதைத் தாண்டும் வழி

அரசியலமைப்பு முழுவதையும் எழுத உட்காராதீர்கள். பத்துச் சட்டம் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: எந்தச் சண்டையால் வந்தது, யாருக்கு நட்டம், மக்கள் அதை எப்படித் தாண்டுகிறார்கள். மூன்றாவது வரிதான் சட்டத்துக்கு உயிர்.

சுனைநாட்டில் இரவுத் தடை வந்துவிட்டது. பகலில் ஆளுக்கு மூன்று குடம் என்று வைத்துக்கொள்வோம். உடனே மேல்தட்டில் பெரிய குடம் செய்யச் சொல்வார்கள். சண்டை. குடத்தின் அளவைச் சட்டம் வரையறுக்கும். அளவு சரிதான் என்று குயவர் முத்திரை குத்த வேண்டும். இப்போது குயவருக்கு நாட்டில் மரியாதை ஏறிவிட்டது, லஞ்சமும் வரும். முத்திரைக் குடம் உடைந்தால் புதுக்குடம் வரும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் உண்டா? அடுத்த வழக்கு தயார்.

ஒரு சட்டம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கள்ளுக்கடை, சாராயக்கடை வழியே அரசுக்கு வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. குடிக்காத வியாபாரியும் அவரிடம் பொருள் வாங்குகிறவரும் அந்த வரியைச் சுமந்தார்கள். ஓர் ஒழுக்கச் சட்டம் போட்டால் கஜானாவில் எங்கே ஓட்டை விழும் என்று உங்கள் நாட்டிலும் கேளுங்கள்.

வரியைப் பற்றிப் புதியவர்கள் 'மக்கள் வரி கட்டினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாத இடம் இது. யாரிடமிருந்து வாங்குகிறார்கள் என்பதை வைத்தே சமூகம் முழுவதும் மாறிவிடும். 1792இல் திப்பு சுல்தானோடு நடந்த உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வந்தன. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே நேராக வரி தீர்மானிக்கும் முறையை வளர்த்தார்கள். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். நேராக வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளக்க வேண்டும், பெயர் எழுத வேண்டும், மண்ணைத் தரம் பிரிக்க வேண்டும். அளக்கிறவரும் எழுதுகிறவரும் ஊரில் பெரிய மனிதர் ஆவார்கள். பெயர் விட்டுப்போன குடும்பத்துக்கு நிலமே விட்டுப்போகும்.

சுனைநாட்டின் உப்பு வரியை ஊருக்கு ஒரு மரக்கால் என்று வைத்தால் ஊர்த்தலைவர் பங்கிடுவார், ஏழை வீட்டில் அதிகம் பிடுங்குவார். தலைக்கு ஒரு படி என்றால் பிறப்பை மறைப்பார்கள். அடுப்புக்கு இவ்வளவு என்றால் மூன்று சகோதரர்கள் கல்யாணமாகியும் ஒரே அடுப்பில் சமைப்பார்கள்; நூறு வருடம் கழித்து 'எங்கள் நாட்டில் கூட்டுக் குடும்பம்தான் மரபு' என்று பெருமையாகப் பேசுவார்கள். பண்பாடு என்று நாம் கொண்டாடுவது பல நேரம் வரிக்குத் தப்பிய வழி.

எழுத்து இல்லாத நாட்டிலும் சட்டம் இருக்கலாம். ஐஸ்லாந்தில் 930இல் கூடத் தொடங்கிய ஆல்திங் சபையில் சட்டம் சொல்பவர் என்று ஒருவர் இருந்தார். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று வருடத்தில் முழுச் சட்டத்தையும் வாயால் சொல்லி முடிப்பார். அவர் ஓர் அடியை மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே உங்களுக்கு ஒரு கதை கிடைக்கும்.

ஐந்தாம் படி: பக்கத்து நாடு

சுனையில் மிஞ்சும் தண்ணீர் ஓடையாகி இறங்கி, சமவெளி அரசரின் ஏரிக்குப் போகிறது. மேலே குடத்தை எண்ணுகிறார்கள். கீழே அவர் ஏரியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காவிரிக்காக மைசூரும் சென்னையும் 1892இலும் 1924இலும் உடன்பாடு எழுதின. இரண்டாவது உடன்பாட்டைத் தொடர்ந்து 1925இல் மேட்டூரில் அணை வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. அந்த உடன்பாட்டின் சில பகுதிகளை ஐம்பது வருடம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். 1974 வந்தது, பேச்சு முடியவில்லை. 1990இல் நடுவர் மன்றம், 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஆகவே உங்கள் உடன்படிக்கையில் காலக்கெடுவை எழுதுங்கள். கெடு முடிகிற வருடத்தில் கதையைத் தொடங்குங்கள். கையெழுத்துப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அன்று ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்பார்கள்?

அணை கட்டினால் மூழ்கிய ஊர்களையும் எழுதுங்கள். மேட்டூரில் நீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியின் தலை வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் போகும். உங்கள் நாட்டில் நீர் வற்றும்போது எது தலை நீட்டுகிறது?

ஆறாம் படி: பண்பாடு

பட்டியல் வேண்டுமென்றால் வெளியே தேட வேண்டாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லிவைத்திருக்கிறது. அடுத்துக் கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். நான் இதில் எட்டையும் நிரப்பச் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொன்றும் உங்கள் பழைய சண்டையைத் தொட வேண்டும். சுனைநாட்டில் விருந்தாளிக்கு முதலில் தருவது உப்புக்கல் போட்ட ஒரு வாய்த் தண்ணீர். ஏன் என்று யாருக்கும் நினைவில்லை. மணப்பெண் முந்தானையில் குட ஓடு ஒன்றை முடிந்துகொண்டு போகிறாள். பறை, காவலர் மாறும்போது மட்டும் அடிப்பது. கோபம் வந்தால் "உன் குடம் இரவில் உடைய" என்று திட்டுவார்கள். பங்குனியில் ஓர் இரவு சுனை திறந்திருக்கும். காவலர் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும், விழித்திருந்தாலும் திறக்கக் கூடாது. பெண்கள் பேசாமல் வரிசையாகப் போய் ஆளுக்கு ஒரு குடம் எடுத்து வருவார்கள். அங்காயியின் பெயர் அந்த விழாவில் எங்குமே வராது. விழா மட்டும் அவளுடையது.

திருவிழா எழுதத் தெரியாவிட்டால் ஆடி மாதம் சேலத்தின் குகை என்ற பகுதிக்கு வாருங்கள். மாரியம்மன் பண்டிகையின் வண்டி வேடிக்கையில் அலங்கரித்த வண்டிகளில் சாமி வேடம் போட்டவர்கள் வருவார்கள். பக்தி ஒரு கண் பார்த்தால், மறு கண் 'யார் வண்டி நன்றாக இருக்கிறது' என்று பார்க்கும். போட்டி இல்லாத திருவிழா கிடையாது. யார் முன்னால், யார் செலவு, யாரைக் கூப்பிடவில்லை என்பதை எழுதினால் திருவிழா நிமிர்ந்து நிற்கும்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய இடம் செவ்வாய்ப்பேட்டை. ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு. வாய்க்குள் நுழையாத ஒலிகளை அடுக்குவதைவிட, அங்கே என்ன நடந்தது என்று கேட்டுப் பெயர் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயர் மட்டுமே பொது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயில் அவர்களுக்கு உயிரான இடம். மே மாதத் திருவிழாவுக்கு மலைமலையாக வருவார்கள். அந்தச் சாமியை எடுத்துப் பெயர் மாற்றி, இறகு சொருகி, உங்கள் நாட்டின் 'காட்டுவாசிகள்' என்று வைக்காதீர்கள். அதை நோட்டுகளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. நிலத்திடம் கற்றுக்கொள்ளுங்கள், பாறையிடம், மழையிடம், பாதையிடம். மக்களின் வழிபாட்டைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஏழாம் படி: மனு

இவ்வளவும் செய்தபின் நாடு நிற்கிறதா என்று சோதிக்க ஒரு வழிதான் வைத்திருக்கிறேன். அந்த நாட்டின் சாதாரண ஆள் ஒருவர் அரசுக்கு ஒரு மனு எழுத வேண்டும். அரை பக்கம் போதும். சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் காத்திருக்கும் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொருவர் கையிலும் மடித்த தாள், அதில் நிலம், பாதை, பென்சன், பட்டா.

சுனைநாட்டில் அங்காயியின் பேத்தி எழுதுகிறாள் என்று வையுங்கள். முத்திரைக் குடம் உடைந்துவிட்டது, குயவர் புதுக்குடம் தர மறுக்கிறார், மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. யாருக்கு எழுதுவாள்? காவலருக்கா, தனிக்கரட்டுச் சபைக்கா, மேல்தட்டுத் தலைவருக்கா? அவளுக்கு எழுதத் தெரியுமா, கூலி கொடுத்து எழுதச் சொல்வாளா? தன்னை யார் மகள் என்று சொல்வாள், யார் மனைவி என்றா, எந்த அடுப்பு என்றா? எந்தப் பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டுவாள்? இதில் பதில் வராத கேள்வி எதுவோ, அந்தப் படிக்குத் திரும்பிப் போங்கள்.

இன்று இரவே தொடங்கலாம். ஒரு தாள் எடுத்து முதல் வரியை மட்டும் எழுதுங்கள்: அவள் அந்த அதிகாரியை என்ன சொல்லி அழைக்கிறாள், ஐயா என்றா, அண்ணா என்றா, பெயர் சொல்லியா?